பன்னிரண்டு வருடம் தவறாமல் தண்டல் கட்டிய அம்மாவுக்கு வங்கியில் 50,000 கிடைக்காதா?

கேள்வி: மல்லிகைப்பந்து

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மனசு ஆறவில்லை.

அம்மா மதுரையில் பூ கட்டி விற்கிறார். விடியக்காலம் மூன்றரைக்கு எழுந்து மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய் மல்லி, பிச்சி, கனகாம்பரம் வாங்கி வந்து, கோயில் பக்கம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து கட்டி முழம் போட்டு விற்பார். சாதாரண நாளில் சமாளித்துவிடலாம். மார்கழி, தையில் பனி விழுந்து வரத்து குறைந்தால் மல்லி கிலோ இரண்டாயிரத்தைத் தாண்டிவிடும், அதே நேரத்தில்தான் முகூர்த்தமும் வரும். கையில் ஐயாயிரம் இல்லாமல் மார்க்கெட் பக்கம் போகவே முடியாது. அதற்குத்தான் தண்டல், அதாவது வட்டியை முன்னாலேயே பிடித்துக்கொண்டு கொடுத்து, தினம் வந்து வசூலிக்கிற கடன். 10,000 என்று பேச்சு, கையில் தருவது 8,500. தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். மஞ்சள் அட்டையில் நூறு கட்டம் இருக்கும், சாயங்காலம் தண்டல்காரர் வண்டியில் வந்து காசை வாங்கிக்கொண்டு ஒரு கட்டத்தில் சுழிப்பார். அட்டை நிறைந்ததும் அடுத்த அட்டை. இப்படிப் பன்னிரண்டு வருடம். அப்பா 2016இல் இறந்த வாரத்தில்கூட அம்மா சித்தப்பாவிடம் காசு கொடுத்து வாசலில் கட்டச் சொன்னார்.

எனக்கு வேலை கிடைத்த பிறகு, இந்தத் தண்டலை விடுவோம் என்று நான்தான் அம்மாவை வங்கிக்குக் கூட்டிப் போனேன். 2015இலிருந்து ஜன்தன் கணக்கு இருக்கிற அதே கிளைதான். 50,000 கேட்டோம். அந்த அதிகாரி முதலில் கேட்டது "வீட்டுக்காரர் வரலையா?" இல்லை என்றதும் "சொந்த வீடா, பத்திரம் இருக்கா?" வாடகை என்றோம். அப்புறம் ஆதார் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சிபில் அடிபட்டிருக்கு, உங்களுக்கெல்லாம் வராதும்மா" என்று ஹாலுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். எதிரில் நாற்காலி காலியாக இருந்தது. அம்மா கடைசிவரை கையில் பையை வைத்துக்கொண்டு நின்றபடியே பேசினார். வெளியே வந்ததும் ஒன்று சொன்னார், "தண்டக்காரன்கூட என்னை வாங்கக்கான்னுதான் கூப்பிடுறான்."

வீட்டுக்கு வந்து, நாம் வாங்கிய கடனையும் கட்டிய விவரத்தையும் பதிந்து வைக்கிற அந்த சிபில் நிறுவனத்தின் அறிக்கையை இறக்கிப் பார்த்தேன். 2019இல் ஒரு மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனியில் குழு லோன் 30,000 வாங்கியிருந்தார். ஊரடங்கில் பூ வியாபாரமே இல்லை, தவணை நின்றது. ஆனால் கோயில்கள் திறந்ததும் மிச்சம் 6,200ஐ வசூலுக்கு வந்த பையனிடமே மொத்தமாகக் கொடுத்துவிட்டார், லோன் கார்டில் அவன் கையெழுத்தும் தேதியும் இருக்கிறது. அறிக்கையிலோ அந்த 6,200 இன்னும் நிலுவை என்று கிடக்கிறது.

இதை எப்படித் திருத்துவது? திருத்தினாலும் பத்திரமும் புருஷனும் இல்லாதவருக்கு வங்கி கொடுக்குமா? அம்மா "நமக்கெல்லாம் பேங்க் எதுக்குடி" என்று விட்டுவிட்டார். என்னால் விட முடியவில்லை.

பதில்: ஓய்வுபெற்ற_காசாளர்

முதலில், அந்த மாதிரி நாற்காலிக்கு எதிர்ப்பக்கம் 31 வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் உங்கள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உட்காரச் சொல்ல எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வாய்மொழியாக "வராது" என்று சொன்னதை ஏற்காதீர்கள். எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்கு முத்திரையுடன் ரசீது வாங்குங்கள். மறுத்தால் முக்கியமான காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி, சின்னக் கடனுக்கும் பொருந்தும். பாதிப் பேர் கவுன்டரிலேயே திருப்பி அனுப்பப்படுவதால் அவர்கள் கேட்டதாகவே எங்கும் பதிவு இருக்காது. கேட்டவர் இல்லை என்றால் மறுக்கப்பட்டவரும் இல்லை.

வீட்டுப் பத்திரம் கேட்டது தவறு. சிறுதொழிலுக்கான முத்ரா கடன் திட்டத்தில் சிசு என்ற பிரிவு 50,000 வரை, அடமானமே கிடையாது, கடன் மோசமானால் வங்கிக்குக் கைகொடுக்க உத்தரவாத நிதியும் இருக்கிறது. கணவர் கையெழுத்து வேண்டும் என்றும் விதி இல்லை, தொழில் செய்வது அவர்.

தெருவோர வியாபாரிகளுக்கான ஸ்வநிதி என்று 2020 ஜூனில் தொடங்கிய திட்டமும் உண்டு. அப்போது முதல் தவணை 10,000, ஒழுங்காகக் கட்டினால் 20,000, பிறகு 50,000. 2025 ஆகஸ்டில் முதல் இரண்டையும் 15,000, 25,000 என்று உயர்த்தினார்கள். நேரத்துக்குக் கட்டினால் ஆண்டுக்கு 7 சதவீத வட்டி மானியமாகத் திரும்பி வரும். மாநகராட்சி கொடுக்கும் வியாபாரி அட்டை இல்லையென்றாலும் பரிந்துரைக் கடிதம் வாங்கி விண்ணப்பிக்கலாம்.

அந்தத் தண்டல் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது, ஐம்பதாவது நாளில் அவர் கையில் இருப்பது பாதிக் கடன்தான். அப்படிப் பார்த்தால் ஆண்டு வட்டி 120 சதவீதத்துக்குக் குறையாது. ஒரு நாள் தவறாமல் அதைக் கட்டியவரை நம்ப முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏன் கிளைகளில் இப்படி நடக்கிறது என்றால், 50,000 கடனுக்கும் 50 லட்சம் கடனுக்கும் காகித வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான், கடன் வாராக்கடனாகிவிட்டால் கையெழுத்துப் போட்டவனைத்தான் விசாரிப்பார்கள். அதனால் மறுப்பது பாதுகாப்பு என்ற பழக்கம் ஊறிவிட்டது. காரணத்தைத்தான் சொல்கிறேன், இதில் நியாயம் இருக்கிறது என்று சொல்லவில்லை.

பதில்: பழைய_வசூல்காரன்

தங்கச்சி, நான் நாலு வருடம் ஒரு மைக்ரோ ஃபைனான்ஸில் ஃபீல்டு ஆபீசராக இருந்தவன். அந்த 6,200 எங்கே போயிருக்கும் என்று என்னால் ஓரளவு ஊகிக்க முடியும். ஒன்று, பையன் ரசீது போடாமல் வைத்துக்கொண்டு வேலையை விட்டுப் போயிருப்பான். அல்லது, கம்பெனி அந்தக் கணக்கை முன்பே தள்ளுபடி வகையில் எழுதிவிட்டு, பணம் வந்த பிறகு கடன் தகவல் நிறுவனத்துக்குத் திருத்தி அனுப்பாமல் விட்டிருக்கும். எதுவாக இருந்தாலும் கம்பெனியின் பொறுப்பு, உங்கள் அம்மாவுடையது இல்லை.

லோன் கார்டின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுங்கள். தொலைந்தால் எல்லாம் போச்சு. கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு மெயில் போட்டு, கணக்கை முடித்து பாக்கி இல்லை என்ற சான்று, அதாவது என்ஓசி தரச் சொல்லிக் கேளுங்கள். அதே நாளில் சிபில் தளத்திலும் அந்தப் பதிவு தவறு என்று புகார் போடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2024இலிருந்து விதி. சிபிலை மட்டும் பார்க்காதீர்கள், கிரிஃப் ஹை மார்க், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன் என்று இன்னும் மூன்று இருக்கின்றன, வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றிலும் அறிக்கை இலவசம். குழு லோன் விவரத்துக்கு ஹை மார்க்கை அவசியம் பாருங்கள். கம்பெனி 30 நாளில் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், 14448க்குக் கூப்பிட்டால் எப்படி மனு போடுவது என்று சொல்வார்கள், காசு கிடையாது.

வேறு ஒன்றும் சொல்லணும். 2022 ஏப்ரலிலிருந்து விதி தெளிவாக இருக்கிறது, காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது, பேசிவைத்த பொது இடத்தில்தான் வாங்க வேண்டும், அடுத்தடுத்து இரண்டு முறை வராமல் போனால்தான் வீட்டுக்கே போகலாம். எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதத் தவணை குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நான் இருந்த காலத்தில் நடந்தது வேறு. ஒரு அக்கா வரவில்லை என்றால் மற்ற ஒன்பது பேரையும் எழுந்திருக்க விட மாட்டோம். அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தவர்கள், பிள்ளையைப் பள்ளியில் கூப்பிடப் போக வேண்டியவர்கள், எல்லோரும் தரையில் உட்கார்ந்து அந்த ஒருத்தியைத் திட்டுவார்கள். திட்டட்டும் என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை. ஒருநாள் அந்த ஒருத்தியின் வீட்டு வாசலில் வண்டியை ஆஃப் செய்யாமல் நின்றேன். பக்கத்து வீட்டுப் பெண் தன் காதுத் தோட்டைக் கழற்றி "இதை வச்சுட்டு வந்து தர்றேன், அவளை விடுங்க தம்பி" என்றார். அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டேன். விட்டதால் ஒன்றும் சரியாகிவிடவில்லை, என் இடத்துக்கு அடுத்த வாரமே இன்னொருவன் வந்தான்.

பதில்: தர்மபுரி_அக்கா

தோழி, ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். ஊரில் எல்லோரும் "குழு லோன்" என்று ஒரே பெயரில் சொல்கிறோம், ஆனால் கம்பெனிக்காரர் சேர்க்கிற குழு வேறு, மகளிர் சுயஉதவிக் குழு வேறு. கம்பெனிக் குழுவில் நாம் ஒருத்தருக்கொருத்தர் ஜாமீன், அவ்வளவுதான். பணமும் அவர்களுடையது, விதியும் அவர்களுடையது, வட்டியும் பெரும்பாலும் இருபது சதவீதத்துக்கு மேல். சுயஉதவிக் குழுவில் முதலில் நம் சேமிப்பு. பன்னிரண்டு முதல் இருபது பேர், மாதம் நூறோ இருநூறோ போட்டு, அதை நமக்குள்ளேயே சுற்றவிட்டு, நோட்டு எழுதிப் பழகி, அப்புறம்தான் வங்கி. யாருக்கு முதலில், எவ்வளவு, யாருக்கு இந்த மாதம் தவணையில் பொறுத்துக்கொள்ளலாம் என்பதை நாங்கள்தான் முடிவு செய்வோம்.

இது எங்கள் மாவட்டத்தில்தான் 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் வழியாகத் தொடங்கியது. வேளாண், ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு 1992இல் வங்கிகளோடு குழுக்களை இணைக்கத் தொடங்கும் முன்பே. நான் சேர்ந்தது பிறகுதான், ஆனால் எங்கள் குழுவில் மூத்த அம்மா ஒருவர் முதன்முதலாக வங்கிக்குப் போன கதையைச் சொல்வார். பேனா பிடித்துத் தன் பெயரை எழுத மூன்று மாதம் பழகினாராம், கைநாட்டு வைக்க மாட்டேன் என்று. நாலு பேராகப் போனதால் நாலு நாற்காலி போட்டார்களாம். இன்றும் எங்கள் குழுவில் யார் வங்கிக்குப் போனாலும் தனியாக அனுப்ப மாட்டோம்.

உங்கள் அம்மா மாதிரி பூக்காரர்கள் அந்தத் தெருவில் பத்துப் பேராவது இருப்பார்கள் இல்லையா? நகர்ப்புறத்திலும் குழு அமைக்கலாம், மாநகராட்சியின் சமுதாய அமைப்பாளரைப் போய்ப் பாருங்கள். உடனே பணம் வராது, ஆறு மாதமாவது ஒழுங்காகக் கூட்டமும் சேமிப்பும் நடந்திருக்க வேண்டும். ஆனால் 10 லட்சம் வரை குழுவிடம் அடமானம் கேட்க மாட்டார்கள். குழுவிலும் சண்டை வரும், தலைவி தன் சொந்தக்காரிக்கே கொடுத்தாள் என்று வரும், எல்லாம் பார்த்தாச்சு. இருந்தாலும் சொல்கிறேன், சேருங்கள்.

பதில்: கண்ணகிநகர்_தம்பி

அக்கா, உங்களுக்காவது சிபில் என்று ஒரு காரணம் சொன்னார்கள். நான் சென்னையில் கண்ணகி நகர். 2000இலிருந்து நகரத்துக்குள் இருந்த குடிசைகளை எடுத்துவிட்டு எங்களைப் போன்ற குடும்பங்களைக் கொண்டுவந்து வைத்த இடம். எனக்கு மாதச் சம்பளம் வங்கியில் விழுகிறது, ஒரு கடனும் பாக்கி இல்லை. பைக்குக்கு லோன் கேட்டால் எல்லாம் ஓகே என்பார்கள், முகவரி எழுதும் இடத்துக்கு வந்ததும் பேனா நிற்கும். "அந்த ஏரியாவுக்கு நாங்க பண்றதில்ல தம்பி." இதை எழுத்தில் கேட்டால் தர மாட்டார்கள். என் நண்பன் துரைப்பாக்கத்தில் அவன் அத்தை வீட்டு முகவரியைக் கொடுத்து வாங்கினான். நான் அப்படிச் செய்யவில்லை. நான் இருக்கிற இடத்தை மறைத்து வாங்கினால் அந்த வண்டியை வீட்டு முன்னால் எப்படி நிறுத்துவது?

காசாளர் சார் சொன்ன மாதிரி எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குவது நல்ல யோசனை. திங்கட்கிழமை நானும் போகிறேன்.

இன்னொன்று, முதன்முதலாகக் கடன் கேட்பவரைக் கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது, குறைந்தபட்ச ஸ்கோர் என்று அது எதையும் விதிக்கவும் இல்லை. ஸ்கோர் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட யாராவது இதைப் படித்தால் கேளுங்கள்.

பதில்: மேலமாசிவீதி_வியாபாரி

எல்லோரும் சொல்வது சரி. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது, அம்மாவுக்குப் பணம் தேவைப்படுவது விடிகாலை மூன்றரைக்கு. நாளை முகூர்த்தம் என்று இன்று சாயங்காலம் தெரிந்தால், தண்டல்காரர் இருட்டுவதற்குள் கொண்டுவந்து தருவார். எந்த வங்கி தரும்? அவர் வட்டி அநியாயம்தான், 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தபோதே தண்டல், மீட்டர் வட்டி, நாள் வட்டி எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தடுத்தாயிற்று. 2017இல் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு குடும்பமே தீக்குளித்ததை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அவ்வளவுக்குப் பிறகும் தண்டல் ஏன் ஓடுகிறது என்றால், அவர் வாசலுக்கு வருகிறார், பெயர் தெரிந்து வைத்திருக்கிறார், உடனே தருகிறார்.

அதனால் ஒருமுறைக் கடனாக மட்டும் கேட்காதீர்கள், தேவைப்படும்போது எடுத்துத் திரும்பப் போடுகிற மாதிரியும் கேளுங்கள். ஜன்தன் கணக்கிலேயே ஓவர்டிராஃப்ட், அதாவது இருப்புக்கு மேல் எடுத்துக்கொள்ளும் வசதி உண்டு. 2018இல் அதை 10,000 ஆக்கினார்கள், அதில் 2,000 வரை நிபந்தனை இல்லை. கணக்கு வைத்திருக்கிற பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, சொல்வதும் இல்லை. 65 வயது வரைதான். பத்தாயிரம் என்பது உங்கள் அம்மாவின் ஒரு தண்டல் அட்டை.

மல்லிகைப்பந்து (ஆறு வாரம் கழித்து)

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நடந்ததைச் சொல்ல வேண்டும் என்றுதான் திரும்ப வந்தேன்.

கம்பெனி முதலில் "சரிபார்க்கிறோம்" என்று ஒரு வரி பதில் போட்டுவிட்டு அமைதியாக இருந்தது. கார்டின் போட்டோவை வைத்து, அடுத்தது ஆம்புட்ஸ்மேன் என்று எழுதியதும் மூன்றே நாளில் போன் வந்தது. புகார் போட்ட 27ஆம் நாள் அறிக்கையில் அந்தக் கணக்கு முடிந்தது என்று மாறியது. என்ஓசியும் வந்துவிட்டது, அம்மா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.

வங்கிக்கு மறுபடி போனோம். தர்மபுரி அக்கா சொன்ன மாதிரி தனியாகப் போகவில்லை, பக்கத்துப் பூக்கடை அக்காக்கள் இரண்டு பேரும் வந்தார்கள், அவர்களும் விண்ணப்பம் கேட்டார்கள். நான் பேசுவதற்கு முன்பே அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். வேறு அதிகாரி, ஒரு பெண். ஓவர்டிராஃப்டுக்கு ஏற்பாடு செய்கிறேன் என்றார், முத்ராவுக்கு விண்ணப்பம் கொடுத்து மூன்று பேரும் முத்திரை போட்ட ரசீது வாங்கிவிட்டோம். ஸ்வநிதிக்கான பரிந்துரைக் கடிதத்துக்கு மாநகராட்சியில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பணம் இன்னும் எதுவும் வரவில்லை, தண்டல் இன்னும் ஓடுகிறது.

முதல்நாள் ராத்திரி அம்மா பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கினார். உள்ளே பழைய தண்டல் அட்டைகள், வாழைநாரால் கட்டி வைத்திருந்தார். நிறைந்தால் தூக்கிப் போட்டுவிடுவார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். முப்பத்தொன்பது அட்டைகள், கட்டம் விடாமல் சுழிப்பு. அதையும் வங்கிக்கு எடுத்து வந்தார். அந்த அதிகாரி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார், ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு, "இதைப் பதிவு பண்ண எங்க சிஸ்டத்துல இடம் இல்லம்மா" என்றார், ரொம்ப மெதுவாக.

காசாளர் சார், ஒரு சந்தேகம். இப்போது வரும் படிவங்களில் எல்லாம் "முந்தைய கடன்களும் திருப்பிச் செலுத்திய விவரமும்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் அந்த ஒரு குழு லோனை மட்டும்தான் எழுத வேண்டுமா, இல்லை இந்த 39 அட்டைகளின் நகலையும் இணைப்பாகக் கொடுக்கலாமா? அம்மா கேட்கச் சொன்னார்.